‘என்ன சொன்னே?’ – ஹாரெம் காமெடி அனிமே: வாசகர் கேள்விகள்

ஒரு பையன், அவனைச் சுற்றி நாலைந்து பெண்கள், அத்தனை பேர் மனதிலும் அவன். ஜப்பானில் இதற்கு ‘ஹாரெம்’ வகை என்று பெயர். இந்த வகை அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பற்றி வந்திருந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறோம். கடைசியில் யாருக்கு யார் என்பதை எங்கேயும் உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கேள்வி: எந்தத் தொடரை எடுத்தாலும் ஹீரோ கடைசிவரை வாய் திறந்து ஒரு முடிவு சொல்வதில்லை. பன்னிரண்டு எபிசோட் பார்த்துவிட்டு வெறுங்கையோடு எழுந்துபோக வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி எடுக்கிறார்கள்?
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டு காரணம். முதலாவது பழையது, ஒரு வீடியோ கேமிலிருந்து வந்தது.

1994இல் கொனாமி நிறுவனம் ‘டோக்கிமெக்கி மெமோரியல்’ என்ற கேமை வெளியிட்டது. மேல்நிலைப் பள்ளியின் மூன்று வருடம்தான் ஆட்டக்களம். படிப்பா, விளையாட்டா, கலையா, தோற்றமா, எதில் நேரம் செலவழிப்பது என்று ஆடுகிறவர் வாராவாரம் தீர்மானிக்க வேண்டும். எந்தத் திறமை ஏறுகிறதோ அதை விரும்பும் பெண் அறிமுகமாவாள். விடுமுறை நாளில் ஒருத்தியை வெளியே அழைத்துப் போகலாம். அறிமுகமான ஒரு பெண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அவள் பெயரில் ஒரு வெடிகுண்டுப் படம் வந்து உட்காரும். அது வெடித்தால் அவளோடு நிற்காது; மற்றப் பெண்களுக்கு ஹீரோ மேல் இருக்கும் மதிப்பும் சேர்ந்து சரியும். ஆக, பிடித்த ஒருத்தியை அடைவதற்காகவே மற்ற எல்லோரையும் முகம் கோணாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில், பட்டமளிப்பு நாளன்று பள்ளியிலுள்ள பெரிய மரத்தடியில் காதலைச் சொல்வது பெண்தான். அவன் அங்கே போய் நின்றால் போதும்.

நீங்கள் அலுத்துக்கொள்ளும் ஹீரோவின் இரண்டு குணமும் இதிலேயே இருக்கிறது: யார் மனமும் நோகாமல் சமாளிப்பது, அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பது. கேமில் இது சரியாகவே வேலை செய்தது. ஒருத்தியோடு ஆட்டம் முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கி இன்னொருத்தியின் கதையைப் பார்க்கலாம்; அதை ‘ரூட்’ என்பார்கள். அனிமே ஒரே ஒரு முறைதான் ஓடும். அங்கே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தால் மற்ற ரூட்டுகள் அத்தனையும் மூடிப்போகும். அந்தப் பயத்தில்தான் எதையும் மூடாமலேயே இழுக்கிறார்கள்.

இதை நேராக எதிர்கொண்ட தொடர் 2010இல் வந்த ‘அமாகாமி எஸ்எஸ்’. ஆறு பெண்கள்; ஒவ்வொருத்திக்கும் நான்கு எபிசோட். ஒருத்தியின் காதல் கைகூடியதும் கடிகாரம் பின்னால் போய், அதே ஹீரோவுக்கு அடுத்தவளோடு கதை புதிதாகத் தொடங்கும். ஆறு முறையும் அறிமுகப் படலத்தைத் தாண்ட வேண்டியிருப்பது கொஞ்சம் அலுப்புதான். ஆனாலும் கேமிலிருந்து வந்த இந்தச் சிக்கலுக்கு இதைவிட நேர்மையான தீர்வு வரவில்லை என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது காரணம் வியாபாரம். ஜப்பானியத் தொலைக்காட்சியில் மூன்று மாதம் ஒரு கட்டம், அதாவது 12 அல்லது 13 எபிசோட். மாங்காவோ (ஜப்பானிய காமிக்ஸ்) லைட் நாவலோ (இளைஞர்களுக்கான, படங்களோடு வரும் நாவல்) இன்னும் வெளிவந்துகொண்டிருக்கும்போதே அதன் முதல் சில தொகுதிகளை எடுத்து அனிமே ஆக்குவார்கள். புத்தகம் விற்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. எழுத்தாளரே முடிக்காத கதைக்கு அனிமே எங்கிருந்து முடிவு தரும்? அதனால் ஒரு தொடரைத் தொடங்குமுன் இரண்டே விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மூலக்கதை முடிந்துவிட்டதா, அனிமே அந்த முடிவுவரை போயிருக்கிறதா. இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் மட்டும் முடிவை எதிர்பார்த்து உட்காருங்கள். மற்றதை வழிநடைப் பேச்சுபோல, போகிறவரை ரசித்துவிட்டு இறங்கிக்கொள்வதுதான் வழி.

கேள்வி: ‘அதெல்லாம் பையன்களின் பகல்கனவு’ என்று என் தோழிகள் திட்டுகிறார்கள். எனக்கோ உண்மையாகவே பிடித்திருக்கிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, கோவை

பதில்: பகல்கனவு என்ற பகுதி பொய்யில்லை. ஆனால் ஆட்களைத் திரும்பத் திரும்ப இழுப்பது அது மட்டும் என்றால் இந்த வகை இத்தனை வருடம் தாங்கியிருக்காது. ஒரே கூரையின் கீழ் மாட்டிக்கொண்ட, ஒத்தே போகாத ஆட்களின் கூட்டம்தான் இதன் உயிர். கென் அகமாட்சுவின் ‘லவ் ஹினா’வில் (மாங்கா 1998–2001, அனிமே 2000) டோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்ற ஒரு பையன், பெண்கள் தங்கும் விடுதியாகிவிட்ட பழைய வெந்நீர்ச் சத்திரத்துக்கு நிர்வாகியாகப் போகிறான். யார் சமைப்பது, யார் முதலில் குளிப்பது, மறுபடியும் தோற்றால் என்ன செய்வது: அந்த வீட்டுச் சந்தடிக்காகத்தான் அதைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு ஈர்ப்பு, ஆட்களைப் பிரித்துக் காட்டும் நுட்பம். நெகி ஹருபாவின் ‘கோதோபுன் நோ ஹனயோமே’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகள்; ஃபூதாரோ என்ற ஏழைப் பையன் அவர்களுக்கு டியூஷன் ஆசிரியர். முதலில் ஒரு தேர்வு வைக்கிறான். இச்சிகா 12, நினோ 20, மிக்கு 32, யோட்சுபா 8, இட்சுகி 28. ஐந்தும் சேர்ந்து சரியாக 100. விடைத்தாள்களை மறுபடி பார்க்கும்போதுதான் அவனுக்கு ஒன்று பிடிபடுகிறது: ஒருத்தி சரியாக எழுதிய கேள்வியை இன்னொருத்தி சரியாக எழுதவே இல்லை. ஒருத்திக்குக் கணக்கு, ஒருத்திக்கு ஆங்கிலம், ஒருத்திக்கு வரலாறு, ஒருத்திக்கு மொழி, ஒருத்திக்கு அறிவியல். முகம் ஒன்று, ஆள் வேறு என்பதை ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்தே சொல்லியாயிற்று. அதோடு கதையே ஒரு கல்யாணக் காட்சியில்தான் தொடங்குகிறது. மணப்பெண் ஐவரில் யார் என்பது மட்டும் மறைந்திருக்கும். அப்புறம் நீங்கள் துப்பறிவாளர்தான். ரிப்பன், ஹெட்ஃபோன், நட்சத்திரக் கிளிப் என்று ஒவ்வொன்றாக எடைபோட ஆரம்பித்துவிடுவீர்கள்.

தோழிகள் சொல்வதில் ஒரு பாதி சரி. பெண்களுக்கு அவனைத் தவிர வேறு எண்ணமே இல்லாத தொடர்கள் ஏராளம். ஹீரோ இல்லாத அறையில் இந்தப் பெண்கள் இரண்டு நிமிடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். அப்போதும் அவன் பேச்சு மட்டும்தான் என்றால் அந்தத் தொடரை விட்டுவிடலாம். ‘கோதோபுன்’ அங்கே தேறுகிறது: அக்கா தங்கைகளுக்குள் இருக்கும் பாசமும் போட்டியும் ஃபூதாரோ வருவதற்கு முன்பே தொடங்கியவை.

கேள்வி: ஒரு பையனைச் சுற்றிப் பெண்கள் போல, ஒரு பெண்ணைச் சுற்றிப் பையன்கள் கதை உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நிறைய உண்டு. ‘டோக்கிமெக்கி’ வந்த அதே 1994இல் பெண்களுக்கான ‘ஆஞ்செலிக்’ கேமும் வந்தது. அங்கிருந்து தனிக் கிளையே வளர்ந்துவிட்டது. தொடங்க ‘ஓரான் ஹை ஸ்கூல் ஹோஸ்ட் கிளப்’ (2006, 26 எபிசோட்) நல்லது. பணக்காரப் பள்ளியில் உதவித்தொகையில் படிக்கும் ஹாருஹி 80 லட்சம் யென் பூச்சாடியை உடைத்துவிட்டு, கடனை அடைக்க ஆண் வேடத்தில், பெண்களை உபசரித்துப் பேசி மகிழ்விக்கும் பையன்களின் அந்தக் கிளப்பில் சேர்கிறாள். இளவரசன் மாதிரி ஒருவன், கறாரான ஒருவன், இரட்டையர் என்று இந்த வகையின் அச்சுகளை எல்லாம் அந்தத் தொடரே வெளிப்படையாகப் பெயர் சொல்லி விளையாடுகிறது.

கேள்வி: அவள் ‘ஐ லவ் யூ’ என்று சப்டைட்டிலில் தெளிவாகச் சொல்கிறாள். ஹீரோவோ வேறு எதையோ புரிந்துகொண்டு தலையாட்டுகிறான். இவ்வளவு மக்காகவா ஒருவன் இருப்பான்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பாதித் தப்பு அவனுடையது, பாதி சப்டைட்டிலுடையது. ஜப்பானியத்தில் ‘சுகி’ என்றால் ‘பிடிக்கும்’. யாருக்கு, எதை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அந்த மொழியில் இல்லை. தமிழிலும் இல்லை. ‘ரொம்பப் பிடிச்சிருக்கு’ என்று ஒருத்தி சொன்னால் ஆளையா, கையில் இருக்கும் காபியையா என்று குழம்ப நமக்கும் இடமிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ’யும் ‘யூ’வும் போட்டே ஆக வேண்டும், போட்ட உடனே குழப்பம் செத்துவிடும், பையன் மக்காகத் தெரிவான். ‘ட்சுகியத்தே’ என்ற சொல்லும் இப்படித்தான்: ‘என்னோடு துணைக்கு வா’ என்றும் பொருள், ‘என்னோடு பழகு, காதலிப்போம்’ என்றும் பொருள். இந்த வகையில் இதை வைத்து எத்தனையோ காட்சிகள் ஓடியிருக்கின்றன.

சில இடத்தில் மொழி மட்டும் தெரிந்தால் போதாது, வழக்கமும் தெரிய வேண்டும். ‘இன்ஃபினிட் ஸ்ட்ராட்டோஸ்’ (2011) தொடரில் ரின் சிறுவயதில் ஹீரோவிடம் கேட்டிருப்பாள்: என் சமையல் கை தேர்ந்ததும், நான் செய்யும் இனிப்பும் புளிப்புமான பன்றிக்கறியைத் தினமும் சாப்பிடுவாயா? ‘எனக்காகத் தினமும் மிசோ சூப் வைத்துத் தருவாயா’ என்பது ஜப்பானில் கல்யாணத்துக்குக் கேட்கும் பழைய பேச்சு. அதைத்தான் அவள் திருப்பிப் போட்டாள். அவன் அதை இலவசச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்கிறான். அவள் கோபம் நமக்குப் புரிய, அந்த மிசோ சூப் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் காற்றடித்தது, பட்டாசு வெடித்தது, ரயில் போனது என்று ஒவ்வொரு முறையும் ‘என்ன சொன்னே?’ என்று கேட்பது எழுத்தாளரின் சோம்பல்தான். ஜப்பானிய ரசிகர்களே இதற்குக் ‘காது கேட்காத ஹீரோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘ஹகனாய்’ (2011, 2013) ஹீரோவின் முத்திரை வசனமே அதுதான். இரண்டாம் சீசனின் கடைசியில் தோழி ரிகா அவனை மடக்கி, உனக்குக் கேட்கத்தானே செய்கிறது என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். பயத்தில் கேட்காததுபோல் இருக்கிறான் என்று வெளிப்பட்டதும், அதுவரை சிரிக்கவைத்த வசனம் அவனுடைய குணமாகவே மாறிவிடுகிறது.

‘கோதோபுன்’ இரண்டாம் சீசனில் (2021) நினோ செய்வது இன்னும் அழகு. ஃபூதாரோ மோட்டார் சைக்கிள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்தபடி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. வழக்கமான தொடரில் அவள் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருப்பாள், இன்னும் பத்து எபிசோட் ஓடியிருக்கும். நினோ அவனுக்குக் கேட்கிற மாதிரி மறுபடி சொல்கிறாள். அந்த நொடியிலிருந்து கதை வேறு வேகத்தில் ஓடுகிறது.

அழைக்கும் விதத்தையும் காதால் பிடியுங்கள். ஃபூதாரோவின் குடும்பப் பெயர் உவெசுகி; ‘சான்’ மரியாதை ஒட்டு, ‘குன்’ பையன்களை அழைக்கும் ஒட்டு. ஒரே ஆளை யோட்சுபா ‘உவெசுகி-சான்’ என்கிறாள், இட்சுகி ‘உவெசுகி-குன்’, இச்சிகா ‘ஃபூதாரோ-குன்’, மிக்கு வெறும் ‘ஃபூதாரோ’. நினோ மனம் மாறியதும் ‘ஃபூ-குன்’ ஆக்கிவிடுகிறாள். ஆங்கில சப்டைட்டில் இதைப் பெரும்பாலும் தட்டையாக்கிவிடும். ‘நீங்க’ என்று பேசிக்கொண்டிருந்த பெண் ஒருநாள் ‘நீ’ என்று கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று தெரிந்த நமக்கு, இதற்கு விளக்கமே வேண்டாம்.

கேள்வி: என் 13 வயது மகன் இந்த மாதிரி தொடர்களைப் பார்க்கிறான். கார்ட்டூன்தானே என்று விட்டிருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டுப் போனேன். நிறுத்திவிடவா?
– வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, நீங்கள் திடுக்கிட்டதில் நியாயம் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் நள்ளிரவை ஒட்டி, வளர்ந்தவர்களுக்காக ஒளிபரப்பானவை. வரைந்த படம் என்பதால் குழந்தைகளுக்கானது ஆகிவிடாது. முதலில் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். பிறகு ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே தொடருக்கு இரண்டு வடிவம் இருக்கலாம். டிவியில் நீராவியாலும் வெள்ளை ஒளியாலும் மறைத்த இடங்களை டிஸ்க்கில் திறந்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் ஓடுவது எது என்று பார்க்க வேண்டும்.

‘ஹை ஸ்கூல் டிஎக்ஸ்டி’, ‘டு லவ்-ரு டார்க்னஸ்’ இரண்டும் அந்த வயதுக்குக் கூடவே கூடாது. ‘ஸ்கூல் டேஸ்’ (2007) சாதாரணப் பள்ளிக் காதல்போலத் தொடங்கிக் கொடூரமான வன்முறையில் போய் முடியும். படத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ‘ஓரான்’ பயமில்லாமல் விடலாம். ‘கோதோபுன்’ ஒப்பீட்டளவில் அடக்கம். ஆனாலும் முதல் இரண்டு எபிசோடை நீங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மொத்தமாகத் தடுப்பதைவிட அவனோடு பேசுவது பலன் தரும். மூன்று விஷயத்தைக் கட்டாயம் பேசுங்கள். தடுக்கி விழுந்து பெண்ணின் மேல் கை படுவதை ஹீரோவின் அதிர்ஷ்டமாகக் காட்டுகிறார்கள். அவளுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். குளிக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பதைச் சிரிப்பாகக் காட்டுகிறார்கள். நிஜத்தில் அது குற்றம். பெண் பையனை அடித்து வானத்தில் பறக்கவிடுவதையும் சிரிப்பாக்குகிறார்கள். ‘லவ் ஹினா’வில் இது ஓயாமல் வரும். யார் யாரை அடித்தாலும் அது அடிதான். பள்ளிச் சிறுமிகளைக் கேமரா பார்க்கும் பார்வை இந்த வகையின் மிகப் பெரிய குறை. ரசிகர்களான நாங்களும் அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டோம்.

கேள்வி: வாராவாரம் இணையத்தில் காமிக்ஸ் வரைகிறேன். ஐந்து நாயகிகளோடு ஒரு ஹாரெம் காமெடி தொடங்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: முதலில் ஒரு கணக்கு. அனிமேயின் ஒரு எபிசோட் சுமார் 24 நிமிடம். தொடக்கப் பாட்டும் இறுதிப் பாட்டும் ஒன்றரை ஒன்றரை நிமிடம் போக 21. பன்னிரண்டு எபிசோடுக்கு 252 நிமிடம். ஐவருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 50 நிமிடம். அதிலும் ஹீரோவின் குடும்பம், திருவிழா, கடற்கரை எல்லாம் போக அரை மணி மிஞ்சினால் அதிகம். அரை மணியில் ஆளைக் காட்ட முடியாததால்தான் ‘கோபக்காரி’, ‘பால்ய சிநேகிதி’, ‘பேசாதவள்’ என்று அச்சை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு வாரத்துக்குச் சில பக்கங்கள்தான். மூன்று பேரோடு தொடங்குங்கள்.

மூவரையும் முழுக் கறுப்பு நிழலாக வரைந்து பாருங்கள். நிழலிலேயே யார் என்று தெரிய வேண்டும். முடி நிறத்தை மட்டும் நம்பினால் கறுப்பு வெள்ளையில் மாட்டிக்கொள்வீர்கள். பிறகு ஒவ்வொருத்திக்கும் ஹீரோவுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆசையை ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அவள் இன்னும் பிறக்கவில்லை. அவனை ஒவ்வொருத்தியும் கூப்பிடும் விதம் வேறாக இருக்கட்டும். தமிழில் உங்களுக்கு ‘டா’, ‘நீ’, ‘நீங்க’, ‘சார்’, ‘மாமா’ என்று கைநிறையச் சரக்கு இருக்கிறது. எந்த அத்தியாயத்தில் எவள் அழைப்பை மாற்றுகிறாள் என்பதை இப்போதே குறித்து வையுங்கள்.

ஹீரோவை ‘நல்லவன்’ என்று மட்டும் விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வாசகர் தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று வெற்றிடமாக விடுகிறார்கள். இவனிடம் எதைக் கண்டு இத்தனை பேர் மயங்கினார்கள் என்ற கேள்வி மூன்றாவது வாரமே வந்துவிடும். ஃபூதாரோவைப் பாருங்கள்: படிப்பில் புலி, உடம்பில் தெம்பில்லை, வீட்டில் கடன், வாயில் நயமில்லை. அந்தக் குறைகள்தான் ஒவ்வொரு சகோதரியோடும் அவனை முட்டவைக்கின்றன.

முடிவை முதலிலேயே எழுதிவிடுங்கள். ‘நிசெகோய்’ மாங்கா 2011 முதல் 2016 வரை 25 தொகுதி ஓடியது. ஹீரோவின் பதக்கத்தைத் திறக்கும் சாவி யாருடையது என்ற ஒரே புதிரை அவ்வளவு தூரம் நீட்டி, நடுவில் புதுப் பெண்களையும் கொண்டுவந்ததில் பலர் அலுத்துப்போனார்கள். புது நாயகியை நுழைக்கத் தோன்றினால், இருக்கிறவர்களிடம் கதை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்; முடிவை நோக்கித் திரும்புங்கள். தவறான புரிதல் ஒன்றைக் கொண்டுவந்தால் இரண்டு அத்தியாயத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தீர்ந்ததும் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். மறுபடி பழைய இடத்துக்கே வந்தால் வாசகர் மன்னிக்க மாட்டார்.

யாரையும் தோற்கடிக்க மனமில்லையா? ‘போக்குபென்’ மாங்கா (2017–2020) ஐந்து நாயகிகளுக்கும் தனித்தனி முடிவு எழுதி 187 அத்தியாயத்தில் நின்றது. எல்லோர் ஆசையும் தீர்ந்தது. ஆனால் எந்த முடிவும் முழு எடையோடு நிற்கவில்லை என்பது எங்கள் எண்ணம். தோற்கும் பெண்ணுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுப்பது அதைவிட மேல். அவள் அழுது, சாப்பிட்டு, மறுநாள் பள்ளிக்கு வருவதை வரையுங்கள். 2024இல் வந்த ‘மகெயின்’ தொடர் அந்தத் தோற்ற பெண்களை மட்டுமே வைத்து 12 எபிசோட் நடத்தியது. முதல் எபிசோடில், காதல் கைவிட்டுப்போன யானாமி உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் இடத்தை இரண்டு முறை பாருங்கள்.

கேள்வி: முதல் ஹாரெம் அனிமே எது?
– வாசகர், சேலம்

பதில்: பலரும் சொல்வது 1992இல் வீடியோவாக வந்த ‘டென்ச்சி முயோ’. விதை அதற்கும் முந்தியது: ருமிகோ தகஹாஷியின் ‘உருசெய் யாட்சுரா’, மாங்கா 1978, அனிமே 1981. ஆனால் அங்கே வேற்றுக்கிரகப் பெண் லம் ஹீரோவைத் துரத்த, அவன் ஊரிலுள்ள மற்ற பெண்களைத் துரத்துவான்.

கேள்வி: ‘கோதோபுன்’ எந்த வரிசையில் பார்ப்பது?
– வாசகி, வேலூர்

பதில்: 2019இல் வந்த முதல் சீசன், 2021இல் வந்த இரண்டாவது, பிறகு 2022இல் வந்த திரைப்படம். சீசனுக்கு 12 எபிசோட். முதல் சீசனும் இரண்டாவதும் வேறு வேறு ஸ்டுடியோ. முகங்கள் கொஞ்சம் மாறித் தெரிந்தால் குழம்ப வேண்டாம். படம் இரண்டே கால் மணி நேரம் ஓடும். கதையின் முடிவு அதில்தான் இருக்கிறது. பார்த்து முடித்ததும் முதல் சீசனின் முதல் எபிசோடை மறுபடி போட்டு, ஐந்து சகோதரிகளும் வரும் இடங்களைக் கவனியுங்கள். முதல் முறை தப்பவிட்டது நிறைய இருக்கும்.